அறிவியல் கேட்க வருகிறவர்களை உள்ளே விடுங்கள்

ஆராய்ச்சி நிறுவனங்களில் பொது உரை என்று ஒன்று நடந்தால், முன் வரிசைகளில் பள்ளிச் சீருடைதான் கண்ணில் படுகிறது. பஸ்ஸில் அழைத்து வருகிறார்கள், சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கிறார்கள், சாயங்காலத்துக்குள் திருப்பிக் கொண்டுபோய் விடுகிறார்கள். நல்ல காரியம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வேலைக்குப் போகிற, நாற்பது தாண்டிய, அறிவியல் பட்டம் எதுவும் இல்லாத ஒரு ஆள் சும்மா கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தால் அவரை என்ன செய்வது என்று அங்கே யாருக்கும் தெரிவதில்லை. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன். பொறுமை இருக்கிறவர்கள் படியுங்கள்.

நான் பி.காம். கணக்குப் பிரிவில் வேலை. கருந்துளை பற்றித் தெரிந்துகொண்டதால் எனக்குப் பதவி உயர்வு வந்துவிடப் போவதில்லை. பிள்ளைகளின் நுழைவுத் தேர்வுக்கு உதவும் என்றும் போவதில்லை. பிடித்திருக்கிறது, போகிறேன். கச்சேரிக்குப் போகிறவரிடம் "நீங்க பாட்டு கத்துக்கிறீங்களா?" என்று யாரும் விசாரிப்பதில்லை. அறிவியல் உரைக்குப் போனால் பக்கத்து இருக்கைக்காரர் முதலில் கேட்பதே "சார் எந்த காலேஜ்ல இருக்கீங்க?" என்பதுதான்.

சென்னையில் இந்த விஷயத்தைச் சரியாகப் பிடித்தவர்கள் தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனத்தார். பழைய ஆட்களுக்கு மேட்சயின்ஸ். 2016 முதல் 'சயின்ஸ் அட் த சபா' என்று ஒரு மாலை நிகழ்ச்சியை மியூசிக் அகாடமியில் நடத்துகிறார்கள். மார்கழியில் தம்புரா சுருதி கேட்கும் அதே மேடையில், கணிதம், இயற்பியல், உயிரியல் என்று வெவ்வேறு துறைக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து பேசுகிறார்கள். அந்த யோசனை யாருடையதோ, அவருக்கு ஒரு கும்பிடு. சபாவுக்கு வருகிற ரசிகருக்கு ராகத்தின் ஆரோகணம் தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை. பத்து வருடம் தொடர்ந்து கேட்டால் காது தானாகப் பழகும். எங்கே தலையாட்டலாம், எங்கே பாடகர் சமாளிக்கிறார் என்பதெல்லாம் அப்படித்தான் பிடிபடும். அறிவியலுக்கு அப்படிப்பட்ட காதுகளை நாம் வளர்க்கவே இல்லை. விஞ்ஞானிகளையும் வளர்க்கிறோம், மாணவர்களையும் வளர்க்கிறோம். நடுவில் ரசிகர் என்று ஒருவர் இல்லை.

சரி, வருடத்தில் ஒரு மாலை போதுமா? போதாது. பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினத்தன்று எல்லா நிறுவனங்களும் ஒரே நேரத்தில் கதவைத் திறக்கின்றன. அன்றைக்கு எங்கே போவது என்றே தெரியாது. மார்ச் பிறந்ததும் எல்லாக் கதவும் சாத்தியாகிவிடும்.

கதவு என்று சும்மா சொல்லவில்லை. ஒருமுறை ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவிப்பில் "அனைவரும் வருக" என்று போட்டிருந்ததை நம்பிப் போனேன். வாசலில் செக்யூரிட்டி, "யாரைப் பார்க்கணும்?" என்றார். உரை கேட்க வந்திருக்கிறேன் என்றேன். "அதான் சார், யாரைப் பார்க்கணும்?" ரெஜிஸ்டரில் பெயர், முகவரி, நேரம் எல்லாவற்றுக்கும் பிறகு 'சந்திக்க வேண்டியவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பாமல் அவர் விட மாட்டார். கடைசியில் போஸ்டரில் இருந்த பேச்சாளரின் பெயரையே எழுதினேன். உடனே இன்டர்காமில் அவருக்கே போன் போட்டுவிட்டார்! பாவம், மேடையேறப் போகிற மனிதர். செக்யூரிட்டியைக் குற்றம் சொல்ல மாட்டேன். இன்று வெளியாட்கள் வருவார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஆனால் "அனைவரும்" என்று அச்சடித்தவர்கள், அந்த அனைவரில் ஒருவர் நிஜமாகவே வந்து நிற்பார் என்று நினைத்துப் பார்க்கவில்லை என்பது அந்த ரெஜிஸ்டரிலேயே தெரிந்தது.

சும்மா கேட்க வருகிற ஆளால் அறிவியலுக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை. லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷன் 1799-இல் தொடங்கப்பட்டது. ஆராய்ச்சியோடு பொதுமக்களுக்கு உரை நடத்துவதும் அதன் வேலை. 1812-இல் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியின் உரைகளைக் கேட்க, புத்தகம் பைண்ட் செய்யும் கடையில் தொழில் பழகிக்கொண்டிருந்த ஓர் இளைஞர் போனார். கடை வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த டிக்கெட். கேட்டதையெல்லாம் குறிப்பெடுத்து, தன் கையாலேயே பைண்ட் செய்து டேவிக்கு அனுப்பினார். மறு வருடமே அங்கே உதவியாளர் வேலை கிடைத்தது. மைக்கேல் ஃபாரடே. பின்னாளில் அதே இடத்தில் 1825-இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் உரைகளில் 19 தொடர்களை அவரே நடத்தினார்.

இதைப் பார்த்துத்தான் கல்கத்தாவில் மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் ஊரில் பணம் திரட்டி 1876-இல் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை ஆரம்பித்தார். மாலை நேரங்களில் பொது உரைகள் நடந்தன. ஆனால் அங்கேயே இருந்து முழு மூச்சாக ஆராய்ச்சி செய்ய ஆள் கிடைக்கவில்லை என்ற ஏக்கம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. 1904-இல் காலமானார். மூன்று வருடம் கழித்து, நிதித் துறை வேலையில் கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த பதினெட்டு வயது அதிகாரி ஒருவர் பௌபஜார் தெருவில் அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தார். ஆபீஸுக்கு முன்னாலும் பின்னாலும் அங்கேதான் ஆராய்ச்சி. திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன். (கணக்குப் பிரிவில் இருக்கும் எங்களுக்கெல்லாம் கொஞ்சம் பெருமை, வேறென்ன.) அன்றைக்கு வாசலில் ஒரு ரெஜிஸ்டர் இருந்து, 'சந்திக்க வேண்டியவர்' கட்டத்தை நிரப்பச் சொல்லியிருந்தால் என்ன எழுதியிருப்பார்?

ராமன் கடைசிவரை பொதுமக்களுக்குப் பேசியவர். பெங்களூரில் தன் நிறுவனத்தில் 1959 முதல் வருடா வருடம் அக்டோபர் 2-ஆம் தேதி காந்தி நினைவு உரையை அவரே நிகழ்த்தினார். 1970-இல் பேசியது கடைசி உரை. காதின் உள்ளே இருக்கும் நத்தை எலும்பும் நாம் ஒலியை உணரும் விதமும்தான் தலைப்பு. அடுத்த மாதம் இறந்துபோனார். எண்பது தாண்டிய மனிதர், நோபல் வாங்கி நாற்பது வருடம் ஆகியும், காது எப்படிக் கேட்கிறது என்று பொது மேடையில் பேசுகிறார். அந்த உரையை வேறு ஆட்களை அழைத்து நிறுவனம் இன்றும் நடத்துகிறது.

தரமணி நிறுவனத்தின் கதையும் ஒரு வீட்டுக் கூடத்தில்தான் ஆரம்பிக்கிறது. மயிலாப்பூரில் ஏகாம்ர நிவாஸ் என்ற தன் குடும்ப வீட்டில் அல்லாடி ராமகிருஷ்ணன் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு செமினார் நடத்தினார். வெளிநாட்டு விஞ்ஞானிகள் சென்னை வந்தால் அந்த வீட்டுக்கு வந்து பேசுவார்கள். 1960-இல் அணு இயற்பியல் மேதை நீல்ஸ் போரே வந்தார். இந்தியாவில் தன்னைக் கவர்ந்தவை என்று அவர் சொன்னது இரண்டு: ஹோமி பாபாவின் பம்பாய் ஆராய்ச்சி நிறுவனம், சென்னையில் இந்தச் சிறிய கூட்டம். அது நேருவின் காதுவரை போய், 1962 ஜனவரி 3-ஆம் தேதி பிரசிடென்சி கல்லூரியில் நிறுவனம் தொடங்கப்பட்டது. அதே கல்லூரியில் படித்த வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகர் விழாவுக்கு வந்திருந்தார். ஒரு ஹாலும் சில நாற்காலிகளும் வைத்து நடத்திய பேச்சுதான் முதலில். கட்டடமெல்லாம் அப்புறம்.

இனி, உரையோடு சேர்த்து நடத்தும் கலாச்சார நிகழ்ச்சிக்கு வருகிறேன். பல நிறுவனங்களில் இது நடக்கும் விதம் எனக்குக் கடுப்பாக இருக்கும். குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, அந்தப் பரிசை எல்லாரும் பிடித்துக்கொண்டு ஒரு போட்டோ. இதிலேயே முக்கால் மணி நேரம் போய்விடும். பேச்சாளரிடம் "சார், கொஞ்சம் சுருக்கி..." என்று துண்டுச் சீட்டு நீட்டுவார்கள். உரை முடிந்ததும் ஒரு கச்சேரியோ நடனமோ. அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. விஞ்ஞானிகள் டீ குடிக்க வெளியே போய்விடுவார்கள், ஊழியர்களின் குடும்பங்கள் உள்ளே வரும்.

இத்தனைக்கும் அந்த மேடையில் ஒரு மிருதங்கம் இருக்கிறது! சாதாரணமாக ஒரு வட்டத் தோலை இழுத்துக் கட்டித் தட்டினால், அடிப்படை அதிர்வெண்ணுக்கு மேலே எழும் அதிர்வுகள் அதன் 1.59 மடங்கு, 2.14 மடங்கு, 2.30 மடங்கு என்று ஒழுங்கில்லாமல் வரும். அதனால் சத்தம் கேட்குமே தவிர சுருதி நிற்காது. மிருதங்கத்தின் வலந்தலை (வலது பக்கத் தோல்) நடுவில் கல்பொடியையும் சோற்றையும் அரைத்து, அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றிய கரணை இருக்கிறதே, அந்தக் கறுப்பு வட்டம், அதன் எடை இந்தக் கணக்கை மாற்றிவிடுகிறது. மேல் அதிர்வுகள் 2, 3, 4, 5 மடங்கு என்று கிட்டத்தட்ட முழு எண்களில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. தந்தி வாத்தியத்தில் நடப்பது தோல் வாத்தியத்தில் நடக்கிறது. ராமன் சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920-இல் 'நேச்சர்' இதழில் இதை எழுதினார். 1934-இல் தோலின் மேல் நுண்மணலைத் தூவி, எந்த அடிக்கு எங்கே மணல் ஒதுங்குகிறது என்று படமே எடுத்துப் போட்டார்.

ஒரே மேடையில் ஒரு வித்வான், ஓர் இயற்பியலாளர், அந்தக் கரணையைப் போட்ட கைவினைஞர் மூவரும் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? ஒவ்வொரு அடுக்குக்கும் தட்டித் தட்டிப் பார்த்து, எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்கிறவர் அந்த மூன்றாமவர்தான். சமன்பாட்டுக்கு முன்பே விடையைக் கண்டுபிடித்தவர்களின் பரம்பரை. தலைமுறை தலைமுறையாக இந்தத் தொழிலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தலித் குடும்பத்தினர், சபா மேடையில் அவர்களுக்குப் பெரும்பாலும் இடம் கிடைத்ததில்லை. அதனால்தான் சபாவை அப்படியே மாதிரியாக வைத்துக்கொள்ளச் சொல்ல எனக்கும் தயக்கம். ரசிகரை வளர்த்த விதத்தை எடுத்துக்கொள்ளலாம். யார் மேடையில், யார் வாசலில் என்ற அதன் பழக்கத்தை அங்கேயே விட்டுவிடலாம்.

ஜெனீவாவில், அணுத்துகள் ஆராய்ச்சி நடக்கும் சேர்ன் வளாகத்தில் 2004-இல் வைத்த இரண்டு மீட்டர் உயர நடராஜரைப் பற்றி நம் ஆட்கள் வருடம் முழுக்கப் பதிவு போடுகிறார்கள். அதில் பாதிப் பேருக்குத் தரமணியில் ஒரு நிறுவனம் இருப்பதே தெரியாது என்று நினைக்கிறேன். சிந்துவெளிக் குறிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2009-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வில் தரமணி நிறுவனத்து இயற்பியலாளர் ஒருவரும் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவனும் கூட்டாசிரியர்கள். ஒரு குறிக்குப் பின் எந்தக் குறி வரும் என்பதில் எவ்வளவு ஒழுங்கு, எவ்வளவு தற்செயல் என்று அளந்து, அது மனித மொழிகளின் அளவோடு ஒத்துப்போகிறது என்றார்கள். எழுத்தைப் படித்துவிட்டதாக அவர்கள் சொல்லவில்லை. இந்த முறையே சரியில்லை என்று வாதாடியவர்களும் உண்டு. ஆனால் வாட்ஸப்பில் "சிந்து எழுத்து தமிழ் என நிரூபணம்" என்று சுற்றிக்கொண்டிருக்கிறது. இதைத் தமிழில் ஒரு மணி நேரம் ஒருவர் நிதானமாக விளக்கினால் எத்தனை பேர் வருவார்கள் தெரியுமா? உட்கார இடம் இருக்காது.

ஆம், தமிழில். அகில இந்திய நிறுவனம், எல்லா ஊர்க்காரர்களும் வேலை செய்கிறார்கள், எல்லா உரையும் தமிழில் வேண்டும் என்று கேட்கவில்லை. நான்கில் ஒன்று. தமிழில் சொல்ல முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980 முதல் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருக்கிறது, அதன் சிறுவர் அறிவியல் இதழ் 'துளிர்' 1987 முதல் வந்துகொண்டிருக்கிறது. அந்த இயக்கத்தில் பல காலம் உழைத்த ஆர். ராமானுஜம் இதே தரமணி நிறுவனத்தில் கணினி அறிவியல் பேராசிரியராக இருந்தவர்தான். டீ இடைவேளையில் அழகான தமிழில் விளக்குகிற விஞ்ஞானிகளை நானே கேட்டிருக்கிறேன். மைக் கைக்கு வந்ததும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறார்கள். கேள்வி நேரமாவது தமிழுக்கு இடம் கொடுக்கட்டும். தப்பான ஆங்கிலத்துக்குப் பயந்து நல்ல கேள்விகளைப் பையில் வைத்துக்கொண்டே வீட்டுக்குப் போகிறவர்கள் நிறைய.

நிறுவனத்தில் வேலை செய்யும் நண்பர்கள் இதைப் படித்தால்: மாதம் ஒரு மாலை போதும், தேதி மாறாமல். மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் 2009 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் பிருத்வி தியேட்டரில் டீயோடு அறிவியல் பேசுகிறார்கள், நடக்கிறதல்லவா? பொன்னாடை வேண்டாம். அந்தக் காசுக்கு வேளச்சேரி, பெருங்குடி, திருவான்மியூர் நூலகங்களில் நோட்டீஸ் ஒட்டுங்கள். செக்யூரிட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

அடுத்த சபா நிகழ்ச்சிக்கு அறிவிப்பு வந்ததும் இங்கே போடுகிறேன். வேளச்சேரிப் பக்கம் இருப்பவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், காரில் இடம் இருக்கிறது. திரும்பும்போது காபி உங்கள் செலவு.