ஜெயிக்காத அணியின் கேப்டனை ஏன் இவ்வளவு பிடிக்கிறது?

இந்தியக் கால்பந்து அணியின் கேப்டன் சுனில் சேத்ரி ஆடிய காலம் முழுக்க இந்தியா உலகக் கோப்பைப் பக்கமே போகவில்லை. ஆசியக் கோப்பைக்கு 2011-ல் போனோம், ஆடிய மூன்று மேட்ச்சிலும் தோல்வி. 2019-ல் தாய்லாந்தை 4-1 என்று அடித்தோம், அதோடு சரி. 2024 ஜனவரியில் கத்தாரில் மறுபடியும் மூன்று தோல்வி, இந்த முறை ஒரு கோல்கூட இல்லை. அதே வருஷம் மார்ச்சில் குவாஹாட்டியில், அதுவும் அவருடைய 150-வது மேட்ச்சில், ஆப்கானிஸ்தானிடம் 2-1 என்று தோற்றோம். நம் பக்கம் விழுந்த அந்த ஒரு கோலும் சேத்ரி அடித்த பெனால்டிதான்.

இந்த அணியின் கேப்டன் 2024 ஜூன் 6 அன்று விடைபெற்றபோது கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேல் கூட்டம். குவைத்தோடு 0-0. ஜெயித்தே ஆகவேண்டிய தகுதிச் சுற்று மேட்ச் அது. அந்த ஏமாற்றத்தோடும் ஜனம் கலையவில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே மைதானத்தைச் சுற்றி வந்து கும்பிட்டுப் போகும்வரை நின்றிருந்தார்கள்.

கிரிக்கெட்டில் இந்தக் கணக்கு சுலபம். தோனி என்றால் 2007, 2011. சச்சின் என்றால் நூறு சதம். கொடுத்தார்கள், கொண்டாடுகிறோம். சேத்ரி நமக்கு என்ன கொடுத்தார்?

94 கோல் என்பார்கள். விடைபெற்ற அன்று 151 மேட்ச்சில் 94 கோல், சர்வதேச ஆண்கள் கால்பந்தில் ரொனால்டோ, மெஸ்ஸி, ஈரானின் அலி தாயி ஆகியோருக்கு அடுத்து நான்காவது இடம். அந்தப் பட்டியலை வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டு மார்தட்டுபவர்களை எனக்குப் பிடிக்காது. மாலத்தீவு, நேபாளம், வங்கதேசம் மாதிரி அணிகளுக்கு எதிராக வந்த கோல்கள் அதில் நிறைய. மெஸ்ஸியோடு ஒப்பிட்டால் சேத்ரியே சிரித்து மறுத்துவிடுவார். அவருக்கு இல்லாத மயக்கம் நமக்கு எதற்கு?

என் கணிப்பில் காரணம் வேறு. இந்தியக் கால்பந்தின் நிலைமையை நம்மிடம் மறைக்காமல் சொன்ன முதல் ஆள் அவர்.

2018 ஜூன் 1. மும்பையில் சீன தைபேயை இந்தியா 5-0 என்று அடித்தது, சேத்ரி ஹாட்ரிக். பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். இரண்டு கோடிப் பேருக்கு மேல் வாழும் நகரம்! மறுநாள் ஒரு வீடியோ போட்டார். எங்களைத் திட்டுங்கள், கிண்டல் செய்யுங்கள், ஆனால் மைதானத்துக்கு வந்து செய்யுங்கள் என்றார். ஐரோப்பிய கிளப்புகளின் ரசிகர்களைப் பார்த்து, எங்கள் ஆட்டத்தின் தரம் அதற்குப் பக்கத்தில்கூட வராது, தெரியும், ஆனாலும் உங்கள் நேரம் வீணாகாமல் பார்த்துக்கொள்கிறோம் என்றார்.

முந்தின நாள் ஹாட்ரிக் அடித்தவன் பேசுகிற பேச்சா இது? நம்ம ஊரில் ஒரு வார்டு கவுன்சிலர்கூட தன் வார்டின் லட்சணத்தை இப்படி ஒப்புக்கொள்ள மாட்டார். அடுத்த மேட்ச் கென்யாவோடு, அவருடைய நூறாவது. கோலி, சச்சின் எல்லாம் ஆதரவாகப் பதிவு போட்டார்கள். டிக்கெட் அத்தனையும் விற்றுத் தீர்ந்தது. கொட்டுகிற மழையில் கேலரி நிரம்பி இருந்தது, 3-0 என்று ஜெயித்தோம், அதில் இரண்டு அவருடையவை.

அதைப் பார்த்துத்தான் நானும் இந்திய அணியின் மேட்ச்களை ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தேன். அதற்கு முன்னால் சனி, ஞாயிறு ராத்திரிகளில் இங்கிலீஷ் லீக் மட்டும்தான். அவர் ‘ஐரோப்பிய ரசிகர்கள்’ என்று குறிப்பிட்ட ஆட்களில் நானும் ஒருவன், வேறென்ன.

இன்னொரு கதை பலருக்குத் தெரியாது. 2009-ல் லண்டனின் க்வீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அவரை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. ஃபிஃபா தரவரிசையில் முதல் 70-க்குள் இந்தியா இல்லை என்பதால் பிரிட்டன் வேலை அனுமதி தரவில்லை. சொந்த நாட்டின் ரேங்க்கே அவர் காலை வாரியது. அப்புறம் அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டி, போர்ச்சுகலில் ஸ்போர்ட்டிங் கிளப்பின் இரண்டாம் அணி என்று சுற்றிவிட்டு 2013-ல் பெங்களூரு எஃப்சிக்கு வந்தார். அந்த ரேங்க்கைத் தூக்கி நிறுத்தும் வேலையை அந்த 2009-லிருந்து பதினைந்து வருஷம் அவரே பார்த்தார்.

எனக்கு மிகவும் பிடித்த சேத்ரி, 2023 செப்டம்பர் சேத்ரி. ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டி. 24 வயதுக்குட்பட்டவர்களுக்கான அணி, மூன்று பேர் மட்டும் மூத்தவர்கள் இருக்கலாம். நம் நாட்டு கிளப்புகளின் லீக்கான ஐஎஸ்எல் தொடங்கும் வாரம் என்பதால் கிளப்புகள் வீரர்களை விடமாட்டோம் என்று முறைத்தன. இழுபறிக்குப் பிறகு, கடைசி நிமிடத்தில், யார் கிடைத்தார்களோ அவர்களை வைத்து ஓர் அணியை ஒப்பேற்றினார்கள். அதற்குக் கேப்டன், 39 வயது சேத்ரி. மகன் பிறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. மேட்ச்சுக்கு முந்தின நாள் சாயங்காலத்துக்கு மேல் சீனாவில் போய் இறங்கி, மறுநாள் சீனாவோடு ஆடி, 5-1 என்று வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். சேர்ந்து பயிற்சி செய்யாத அணி வேறு என்ன செய்யும்?

போகாமல் இருந்திருந்தால் யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள். நிரூபிக்க ஒன்றும் பாக்கி இல்லை, பச்சைக் குழந்தை வீட்டில். போனார். இரண்டு நாள் கழித்து வங்கதேசத்தோடு 85-வது நிமிடத்தில் அவர் அடித்த பெனால்டியில் 1-0. மியான்மரோடு 1-1, அந்த ஒன்றும் அவருடைய பெனால்டி. இந்தியா அடுத்த சுற்றுக்குப் போனது, அங்கே சவுதியிடம் தோற்று வீடு திரும்பியது. கோப்பையும் இல்லை, பதக்கமும் இல்லை. ஆனால் அந்தப் பத்து நாளைப் பார்த்தவர்களிடம் போய் சேத்ரியை ஏன் பிடிக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.

எல்லோருக்கும் எப்போதும் பிடித்தவர் என்று சொல்லவும் மாட்டேன். அதே 2023 மார்ச்சில் அவருடைய பெங்களூரு அணி கேரளா பிளாஸ்டர்ஸோடு ஆடிய ஐஎஸ்எல் பிளேஆஃப் ஞாபகம் இருக்கும். கூடுதல் நேரத்தில் கிடைத்த ஃப்ரீ கிக்கை, எதிரணி தடுப்பு அமைப்பதற்குள் சட்டென்று அடித்து கோலாக்கினார். கோபத்தில் பிளாஸ்டர்ஸ் அணியே மைதானத்தை விட்டு வெளியேறியது. மலையாளி நண்பர்களிடம் இன்றைக்கும் அந்தப் பேச்சை எடுக்க முடியாது. விதிப்படி சரிதான், ஆனால் அழகில்லை என்பது என் எண்ணம். ஆனால் அவர் விடைபெற்ற அன்று ‘கேப்டன், லீடர், லெஜண்ட்’ என்று முதலில் பதிவு போட்டதும் அதே மலையாளி நண்பர்கள்தான்.

2022 டுராண்ட் கோப்பையும் நினைவுக்கு வருகிறது. பெங்களூரு ஜெயித்தது, இறுதிப் போட்டியில் ஒரு கோல் நம்ம காரைக்குடிப் பக்கத்துப் பையன் சிவசக்தி நாராயணன் அடித்தது. பரிசளிப்பு மேடையில் படம் எடுக்கும்போது அப்போதைய மேற்கு வங்க ஆளுநர் இல. கணேசன் கையால் சேத்ரியைக் கொஞ்சம் ஒதுக்கிய காட்சி நாடு முழுக்கப் பரவியது. (அந்த ஆளுநரும் தமிழர்தான், என்ன செய்ய.) ஊரே கொந்தளித்தது, சேத்ரி அதைப் பெரிதாக்கவில்லை.

ஓய்வை அறிவித்த வீடியோவில் ஒரு விஷயம் சொன்னார். தன் முதல் இந்திய ஜெர்சி கைக்கு வந்ததும் அதன் மேல் சென்ட் அடித்துக்கொண்டாராம், ஏன் என்று தெரியாதாம். 2005-ல் குவெட்டாவில், பாகிஸ்தானோடு ஆடிய மேட்ச் அது. அதில் கோலும் அடித்தார். ஓய்வு பெறப்போவதை வீட்டில் சொன்னபோது அப்பாவுக்கு நிம்மதி, அம்மாவும் மனைவியும் அழுதார்கள் என்றார். அவர் ஆடுவதைப் பார்த்தால் தாங்க முடியாத டென்ஷன் என்று அதுவரை புலம்பியவர் அந்த மனைவி! இதைக் கேட்டு எனக்கும் தொண்டை அடைத்தது, மறைக்க ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் செரிக்கவில்லை. 2025 மார்ச்சில் அவர் திரும்ப வந்தார். அந்த ஐஎஸ்எல் சீசனில் இந்தியர்களிலேயே அதிக கோல் 40 வயது சேத்ரியுடையது, 14. பயிற்சியாளர் கூப்பிடாமல் என்ன செய்வார்? வந்தவுடன் ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராகத் தலையால் முட்டி ஒரு கோல். நாம் கைதட்டினோம். ஆனாலும் 2027 ஆசியக் கோப்பைக்கு அணி தகுதி பெறவில்லை.

அவர் வந்தது தப்பு என்பவர்களோடு நான் சேரமாட்டேன். கூப்பிட்டார்கள், வந்தார், எப்போதும் போல. என் கோபம் கிளப்புகள் மேல். ஐஎஸ்எல்லில் கோல் அடிக்கிற அந்த ஒன்பதாம் எண் இடத்தில் வெளிநாட்டுக்காரரை நிறுத்திவிட்டு, இந்தியப் பையன்களை விங்குக்கும் பெஞ்சுக்கும் அனுப்பிவிட்டு, அடுத்த சேத்ரி எங்கே என்று தேடுகிறார்கள். ரசிகர்களான நமக்கும் அதில் பங்கு உண்டு. அவர் இருக்கிறார், பார்த்துக்கொள்வார் என்று இருபது வருஷம் சாய்ந்தே உட்கார்ந்திருந்தோம்.