பசை போடாதீங்க

நேத்து நம்ம வாயனசாலையில் (ஊர் நூலகத்தில்), பசங்க கட்டி வைத்திருந்த பெரிய லெகோ மாடலை ஒருத்தர் நகர்த்தப் போய் அது விழுந்தது, அவரே அதைச் சூப்பர் க்ளூ போட்டு ஒட்டியும் விட்டார். குரூப்பில் எல்லாருக்கும் தெரியும், போட்டோவும் பார்த்தாச்சு. "விழுந்திருச்சு, நானே நல்லா ஒட்டிட்டேன், இனி அசையாது" என்று போட்டோவுக்குக் கீழே எழுதியிருந்தது. அதற்குக் கைதட்டல் வேறு. அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத வேண்டியதாயிற்று.

லெகோவுக்குப் பசை போடக் கூடாது. சூப்பர் க்ளூ மட்டுமில்லை, எந்தப் பசையும் கூடாது.

லெகோ என்பது ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டிக் கட்டுகிற குட்டிப் பிளாஸ்டிக் செங்கல், அது ஏபிஎஸ் பிளாஸ்டிக். மேலே இருக்கிற குமிழ் 4.8 மில்லிமீட்டர் விட்டம். ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 8 மில்லிமீட்டர். மேலே வைக்கிற செங்கலின் சுவருக்கும் உள்ளே இருக்கிற குழாய்க்கும் நடுவில் அந்தக் குமிழ் இறுக்கமாக நுழையும்போது பிளாஸ்டிக் துளியளவு விலகி, மறுபடி தன் இடத்துக்கு வந்து பிடிக்கிறது. அந்தப் பிடிதான் எல்லாம். இழுத்தால் வரும், அழுத்தினால் மறுபடி பிடிக்கும். 1958இல் காப்புரிமைக்குப் பதிந்த இந்த அமைப்பு இன்றைக்கும் மாறவில்லை, பழைய செங்கலும் புதுச் செங்கலும் சேர்கின்றன. குமிழ் மேல் ஒரு படலம் பசை காய்ந்து நின்றால் அடுத்த துண்டு முழுசாக இறங்காது. அழுத்தி இறக்கினால் சுவர் வெடிக்கும்.

அங்கே விழுந்தது நிஞ்சாகோ சிட்டி கார்டன்ஸ். நிஞ்சாகோ என்பது லெகோவின் நிஞ்சா கதை வரிசை, டிவியிலும் வந்தது. எண் 71741, துண்டுகள் 5685, உயரம் சுமார் 73 சென்டிமீட்டர். நிஞ்சாகோ தொடங்கிய 2011க்குப் பத்து வருஷம் ஆனதற்காக 2021இல் வந்தது. பெட்டியிலேயே 14+ என்று போட்டிருக்கிறது. குழந்தைக்கு வாங்கித் தருகிற பொம்மை வண்டி இல்லை அது. சின்ன வயசில் டிவியில் பார்த்த நிஞ்சாக்களுக்கு, மீசை முளைத்த பிறகு அந்தப் பசங்க தங்கள் கையால் கட்டிய ஊர். நூடுல்ஸ் கடை, மியூசியம், நிஞ்சாக்களின் கண்ட்ரோல் அறை எல்லாம் உள்ளே இருக்கிறது.

அது விழுந்ததே தூக்கிய முறையால். பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஜன்னல் வழியாக அடிக்கிறது, அதை நகர்த்த நினைத்தது சரி. ஆனால் மேலே கூரையைப் பிடித்துத் தூக்கியாயிற்று. இந்த மாடல் தனித்தனி அடுக்காகக் கழற்றுவதற்கென்றே கட்டப்படுவது. ஒவ்வொரு தளத்தின் மேலும் பெரும்பாலும் வழவழப்பான டைல்தான், சில இடத்தில் மட்டும் குமிழ் விட்டிருக்கும். எளிதாகப் பிரிய வேண்டும் என்பதற்காகவே அப்படி. மேல் அடுக்கை எடுத்துத் தனியாக வையுங்க, அடுத்தது, அதற்கடுத்தது. ஒவ்வொன்றையும் அடித்தகட்டுக்குக் கீழே இரண்டு கையும் கொடுத்துத்தான் தூக்கணும். கூரையையோ மரத்தையோ பிடித்தால் கையோடு அதுதான் வரும்.

சரி, விழுந்துவிட்டது. என்ன பெரிய நஷ்டம்? பெருக்காமல், ஒரு போர்வையில் அள்ளி, முதலில் வடிவம் வாரியாகப் பிரித்து, புத்தகத்தில் எந்தப் படியில் உடைந்ததோ அங்கிருந்து மறுபடி கட்டியிருந்தால் போதும். நிறம் வாரியாகப் பிரித்தால் ஒரே நிறக் குவியலில் சின்னத் துண்டைத் தேடிக் கண் பூத்துப் போகும். அந்தப் பசங்களுக்கு இது ஒரு சாயங்கால வேலை. ஒரு துண்டு தொலைந்தாலும் வழி உண்டு. புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஒவ்வொரு துண்டுக்கும் எண் இருக்கிறது, அதை வைத்துத் தனியாக வாங்கலாம். பசைதான் திரும்ப முடியாத வேலை.

"லெகோ பூங்காக்களிலேயே பெரிய மாடல்களை ஒட்டித்தானே வைக்கிறாங்க" என்று ஒருத்தர் கேட்டிருந்தார். ஆமாம், ஒட்டுகிறார்கள். வெயிலிலும் மழையிலும் நிற்கிற, யாரும் பிரிக்கப் போகாத மாடல்கள் அவை. இது ஒரு பையன் பிரித்து, மாற்றி, மறுபடி கட்டப் போகிற ஊர். இரண்டும் ஒன்றா?

"உதவிதானே செஞ்சார், திட்டலாமா?" என்பது அடுத்தது. நான் திட்டவில்லை. ஆனால் பொருளுக்கு உரியவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பக்கத்து அறையில்தான் இருந்தான். யாரும் கேட்கவில்லை. அவன் வயசுக்காரன் ஒரு பைக் வைத்திருந்தால் அதன் பெட்ரோல் டேங்கை யாராவது கேட்காமல் ஒட்டுவார்களா? "பொம்மைக்கு இவ்வளவு காசா" என்று எழுதியவருக்குப் பதில் சொல்ல மனசில்லை.

போட்டோவைப் பெரிசாக்கிப் பாருங்க. பத்தாம் வருஷத்துக்காக வந்த தங்க நிற வூ, நிஞ்சாக்களின் குருவான அந்தக் குட்டிப் பொம்மை மாஸ்டர், ஓரமாக நிற்கிறார். இரண்டு காலும் ஸ்டாண்டோடு ஒட்டியிருக்கிறது, முழங்காலுக்கு மேல் வெள்ளைப் புகை படிந்த மாதிரி இருக்கிறது. சூப்பர் க்ளூவின் ஆவி பக்கத்தில் படிந்து காய்ந்தால் அப்படித்தான் வெளுக்கும். கண்ணாடி மாதிரி இருக்கிற பிளாஸ்டிக் துண்டுகளிலும் மங்கல். சோப்புத் தண்ணீரில் கழுவினாலும் இது போகாது.

இப்போது காப்பாற்ற நினைப்பவர்கள் தயவுசெய்து நெயில் பாலிஷ் ரிமூவரையும் தின்னரையும் தொடாதீங்க. அசிட்டோன் ஏபிஎஸ்ஸையே கரைக்கும். பசை போவதற்கு முன்னால் குமிழ் போய்விடும். பிளேடு விட்டு நெம்பவும் வேண்டாம். ஒட்டிய பகுதியைப் பிளாஸ்டிக் பையில் கட்டிச் சில மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்க. குளிரில் காய்ந்த பசை நொறுங்கும் தன்மைக்கு வரும். எடுத்ததும் நேராக இழுக்காமல் மெல்லத் திருகணும். எல்லாத் துண்டும் வராது. வருகிறவற்றைச் சேர்க்காமல் தனியாக வையுங்க, பசைப் படலம் இருக்கிற குமிழ் அடுத்த துண்டையும் கெடுத்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பசங்க வாயனசாலையில் உட்கார்ந்து பிரிக்கப் போகிறார்கள். லெகோ துண்டுகளை நெம்பி எடுக்கிற ஆரஞ்சு நிறப் பிரிப்பான் வீட்டில் இருக்கிறவங்க எடுத்துட்டு வாங்க, ஒன்று மேலும் ஒன்று கீழுமாக மாட்டி நெம்ப இரண்டிரண்டாக வேணும். பல்லால் கடித்துப் பிரிக்க வேண்டாம், குமிழில் பல் தடம் விழும். பசை பாட்டில் யாரும் கொண்டுவர வேண்டாம்.