நட்கிராக்கரில் விருந்துக் காட்சியை வெட்டாதீர்கள்

டிசம்பர் வந்தால் அமெரிக்காவில் ஊருக்கு ஒரு நட்கிராக்கர்: கிறிஸ்துமஸ் விருந்தில் கொட்டை உடைக்கும் பொம்மையைப் பரிசாகப் பெறும் சிறுமியின் கதையைச் சொல்லும் பாலே. ஆனால் சில நடனப் பள்ளிகள் நேரம் மிச்சம் என்று விருந்துக் காட்சியைத் தூக்கிவிட்டு, நேரே பனித்துளிகளாக ஆடும் பனி வால்ட்ஸ், அப்புறம் இரண்டாம் அங்கத்து இனிப்பு நடனங்கள் என்று முடித்துவிடுகின்றன. கேட்டால், "முதல் பாதியில ஆட்டமே இல்லையே" என்கிறார்கள். பள்ளிக்காரர்கள் வெட்டவே கூடாத இடம் அதுதான் என்பது என் கட்சி.

1892 டிசம்பர் 18இல் பீட்டர்ஸ்பர்க் மரீன்ஸ்கி அரங்கில் அரங்கேறியபோது விமர்சகர்கள் சொன்ன குறையும் ஏறக்குறைய இதுவே: மேடை முழுக்கப் பிள்ளைகள், முக்கிய பாலேரினா ஆட வருவதற்குள் கதை முடிந்துவிடுகிறது. கதைநாயகி கிளாரா, அவள் தம்பி ஃபிரிட்ஸ் வேடங்களில் வந்தவர்களே அரசு நடனப் பள்ளிப் பிள்ளைகள்தான். பெரிய கம்பெனிக்குக் குறையாகப் பட்டது பள்ளிக்கு வரமல்லவா! பின்னால் அதே பள்ளியில் படித்தபோது எலியாகவும் குட்டி இளவரசனாகவும் ஆடிய நடன அமைப்பாளர் பாலன்சின், 1954இல் நியூயார்க்கில் தன் நட்கிராக்கரைப் போட்டபோது மேடையைப் பிள்ளைகளால் நிரப்பினார்.

பனி வால்ட்ஸுக்குப் பாயின்ட் ஷூவில் (விரல் நுனியில் நின்று ஆடும் காலணி) ஒரே அளவு பலமுள்ள ஒரு கூட்டமே வேண்டும். நான்கு பேர் தள்ளாடினால் அரங்கமே அந்த நால்வரைத்தான் பார்க்கும். விருந்துக் காட்சிக்கு நடை, வணக்கம், கைகோத்துச் சுற்றுவது, 'காலப்' என்ற துள்ளியோடும் நடனம் ஒன்று போதும். ஏழு வயதுப் பிள்ளைக்கு எட்டும். கடைசியில் வரும் தாத்தா நடனத்துக்கு அப்பா அம்மாக்களையே இறக்கலாம்.

சொதப்புவது வேறு இடத்தில். "சந்தோஷமா இருங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், பின்வரிசைப் பிள்ளைகள் அரங்கத்தில் அம்மாவைத் தேடிக்கொண்டு நிற்பார்கள். ஆளுக்கொரு வேலை கொடுக்க வேண்டும்: யாரிடம் பொம்மை வாங்குவது, எந்த எண்ணிக்கையில் யாரிடம் காட்டுவது, ஃபிரிட்ஸ் நட்கிராக்கரை உடைக்கும்போது யார் பக்கம் திரும்புவது. அந்தப் பொம்மையும் இரண்டு வேண்டும். ஒன்று முழுசு, இன்னொன்று கழுத்தில் காந்தம் வைத்து, தலை கழன்று வருவது. வீசிய வேகத்தில் தலை மேடை ஓரத்துக்கு உருண்டு ஓடிவிட்டால்? பொம்மையைப் பரிசளிக்கும் டிராசல்மையரின் அங்கிக்குள் ஒரு உபரித் தலை இருக்கட்டும்.

விருந்துக்குப் பின் வரும் எலிப் போருக்கான முகமூடித் தலைகளைக் கடைசி வாரம் தராதீர்கள். வாய் ஓட்டை வழியாகத்தான் பார்வை, அதில் பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. மாட்டிக்கொண்டு பழகாத எலி, எதிரே நிற்கும் பொம்மைப் போர் வீரன் மேலேயே மோதும்.

பனிக்கு வருவோம். இரண்டு குழாய்களுக்கு நடுவே தொட்டில் மாதிரி நீளத் துணி, அதன் ஒரு பாதியில் மட்டும் ஓட்டைகள். கயிற்றை மெல்ல ஆட்டினால் துண்டுகள் ஓட்டைப் பக்கம் சரிந்து உதிரும். முதல் நிமிடத்திலேயே ஆர்வத்தில் வேகமாக ஆட்டிவிட்டால், இசை உச்சத்துக்கு ஏறும்போது தொட்டில் காலி. தீப்பிடிக்காத காகிதம்தான் நல்லது. பளபளக்கும் பிளாஸ்டிக் துண்டு சாட்டின் காலணிக்கு அடியில் கோலிக்குண்டு. கூட்டி அள்ளியதை மறுநாள் போடுவதானால் சலித்தே ஆக வேண்டும். கொண்டை ஊசியும் ஜிகினாவும் அதோடுதான் வரும். ஆடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சிரிக்கலாம், வாயைத் திறந்து சிரிக்கக் கூடாது.

ஆர்கெஸ்ட்ராவுக்குக் காசில்லாமல் ஒலிப்பதிவு போடுவது தப்பில்லை. கச்சேரிக்காகப் பதிந்ததை எடுத்தால்தான் வம்பு. அங்கே கண்டக்டர் கால்களைப் பார்த்து வாசிப்பதில்லை; வால்ட்ஸில் பிள்ளைகள் குதித்து இறங்குவதற்குள் அடுத்த தாளம் வந்துவிடும். அரங்கில் ஆட்டத்தோடு பதிந்ததாகத் தேடி, செப்டம்பரிலிருந்தே அதே பதிவில் ஒத்திகை பாருங்கள்.

கதையில் வருவதுபோல் கிறிஸ்துமஸ் மரம் வளரவில்லையே என்று கவலைப்படுகிறவர்களுக்கு: மடித்து வைத்த துணி மரத்தைக் கயிற்றில் இழுத்தால் பாதி உயரத்தில் விளக்கில் சிக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. பட்ஜெட் இல்லாவிட்டால் அதைத் தொடவே வேண்டாம். சோபாவை ஓரமாகத் தள்ளி, ஆள் உயரப் பரிசுப் பெட்டிகளை உள்ளே நகர்த்துங்கள். பக்கத்தில் நிற்கும் கிளாரா தானாகவே பொம்மை அளவுக்குச் சுருங்கிவிடுவாள்.