ஷூ பாலிஷ் போட்டால் சீட் புதிதாகாது

காரின் தேய்ந்த தோல் சீட்டில் தேங்காய் எண்ணெய் தடவி, மேலே கறுப்பு ஷூ பாலிஷ் தேய்த்தால் நிறம் நிரந்தரமாகத் திரும்பிவிடும் என்று இங்கே நண்பர் எழுதியிருக்கிறார். திரும்பாது. சென்னை ராயபுரத்து வெயிலில் கார் சிறிது நேரம் நின்றாலே பாலிஷின் மெழுகு இளகிவிடும். சாயம் ஏறுவது உட்காருபவரின் வெள்ளை வேட்டியில்தான்.

இன்றைய கார்களில் உள்ள தோலில் பெரும்பாலும் நிறமிப் பூச்சும் அதன்மேல் பாலியூரித்தேன் என்னும் பிளாஸ்டிக் படலமும் இருக்கின்றன. ஏறி இறங்கும் ஓரத்தில் முதலில் தேய்வது அந்தப் படலம். நல்ல படலத்தைத் தாண்டி எண்ணெய் இறங்காது. தேய்ந்த இடத்தில் இறங்கிய எண்ணெயோ பிறகு பூசும் சாயத்தை ஒட்டவிடாது. ஏற்கெனவே தடவியவர்கள் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் பிசுக்கைத் துடைத்தெடுக்க வேண்டும். அதன்பின் நுண்ணிய உப்புத்தாளால் மென்மையாகத் தேய்த்து, வெடிப்பை நிரப்பி, தோலுக்கான நீர் அடிப்படையிலான நிறமியை ஸ்பாஞ்சால் மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு, பூச வேண்டும். கடைசியில் பாதுகாப்புப் பூச்சு. பலர் விட்டுவிடுவது இதைத்தான். பிறகு சாயத்தைக் குறை சொல்கிறார்கள்.

அதற்கும் முன்பு, அது தோல்தானா என்று பாருங்கள். வெடிப்புக்குள் துணி இழை தெரிந்தால் அது ரெக்சின் என்னும் செயற்கைத் தோல். அப்படியானால் சென்னைப் பெரியமேட்டில் நல்ல உறை தைக்கக் கொடுப்பதே மேல்.

ஐப்பசி மழையில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். கடலோர ஈரக் காற்றில் பூச்சு எளிதில் காயாது.