ஜனவரி 26: அணிவகுப்பு பார்த்துவிட்டுக் கிராம சபைக்குப் போங்கள்

குடியரசு தினம் என்றதும் டெல்லி அணிவகுப்புதான் நம் நினைவுக்கு வருகிறது. பீரங்கி, விமானம், தமிழ்நாட்டு ஊர்திக்கு இந்த வருடம் இடம் கிடைத்ததா என்ற பேச்சு. பார்க்கட்டும், நானும் பார்ப்பேன். ஆனால் அந்தத் தேதி பிறந்த கதையைப் படித்தால், அது ஊர்க்கூட்டங்களின் நாள் என்றுதான் எனக்குப் படுகிறது.

1929 டிசம்பரில் லாகூரில் கூடிய காங்கிரஸ் மாநாடு, ஜவஹர்லால் நேரு தலைமையில், முழு விடுதலையே இலக்கு என்று தீர்மானம் போட்டது. டிசம்பர் 31 நள்ளிரவில் ராவி ஆற்றங்கரையில் கொடி ஏறியது. 1930 ஜனவரி 26, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்க மக்கள் ஒன்றுகூடி விடுதலை உறுதிமொழி எடுத்தார்கள். அந்த உறுதிமொழியில் நிலவரியும் உப்பு வரியும் ஏழையை எப்படி நசுக்குகின்றன என்று எழுதியிருந்தது. அன்றைய பொழுதை நூல் நூற்பதிலும், தீண்டாமையால் ஒதுக்கப்பட்டவர்களுக்குப் பணி செய்வதிலும், இந்து முஸ்லிம் ஒற்றுமைக்கான வேலையிலும் செலவிடச் சொன்னார் காந்தி. 1947 வரை காங்கிரஸ்காரர்களுக்கு அதுதான் சுதந்திர தினம்.

ஆகஸ்ட் 15 மவுண்ட்பேட்டன் குறித்துக் கொடுத்த தேதி, ஜப்பான் சரணடைந்த நாளை மனதில் வைத்து. ஜனவரி 26-ஐ நம் ஆட்களே தேர்ந்தெடுத்தார்கள். அதனால்தான் 1949 நவம்பர் 26 அன்றே அரசியலமைப்பை ஏற்றுக்கொண்ட பிறகும், அதை முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவர இரண்டு மாதம் பொறுத்திருந்தார்கள். அதுவரை ஆறாம் ஜார்ஜ்தான் நமக்கும் மன்னர், ராஜாஜி கவர்னர் ஜெனரல். 1950 ஜனவரி 26-ல் அந்தப் பதவி ஒழிந்து ராஜேந்திர பிரசாத் குடியரசுத் தலைவரானார். முன்பெல்லாம் சொத்தோ படிப்போ இருந்தால்தான் ஓட்டு. இனி 21 வயதானால் போதும் என்றானது. கூலிக்காரருக்கும் பண்ணையாருக்கும் ஆளுக்கு ஒரே ஓட்டு. அதைவிடப் பெரிய மாற்றம் இந்த மண்ணில் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

கிராமத்துக்கு வருகிறேன். அரசியலமைப்பின் வரைவில் ஊராட்சிக்கு இடமே இல்லை. கிராமம் என்பது அறியாமையும் குறுகிய புத்தியும் வகுப்புவாதமும் ஊறிய இடம் என்று அம்பேத்கர் வெளிப்படையாகவே சொன்னார். சென்னை மாகாணத்திலிருந்து போன கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தால்தான் ஊராட்சி அமைப்பு 40-ஆவது பிரிவாக உள்ளே வந்தது. கிராம சபைக்குச் சட்ட பலம் கிடைக்க 1992-ன் 73-ஆவது திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அம்பேத்கரின் பயம் வீண் பயமா? 2020 சுதந்திர தினத்தில் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில், பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவி கொடியேற்ற முடியாமல் போனது. அப்புறம் ஆட்சியர் நேரில் போய்த்தான் அவரை ஏற்றவைக்க வேண்டியிருந்தது. 2022-ல் இப்படி எங்கும் நடக்கக்கூடாது என்று தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். தேர்தலில் ஜெயித்தவர் கொடிக்கயிற்றைத் தொட ஒரு கடிதம் தேவைப்படுகிறது என்றால், 1950-ல் கொடுத்த வாக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் வருகிறது.

சந்தானம் திறந்துவிட்ட வழியும் இருக்கிறதே, அதையும் நாம் சரியாகப் பயன்படுத்துவதில்லை. தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாட்களில் ஜனவரி 26-ம் ஒன்று. நான் போன ஒரு கூட்டத்தில் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்கள். தீர்மானங்கள் கடகடவென்று வாசிக்கப்பட்டன. அப்போது ஓர் அம்மா எழுந்து, "எங்க தெருவுல எத்தன லைட்டு மாத்துனதா கணக்குல இருக்கு? அத மட்டும் படிங்க" என்றார். செயலர் பக்கத்தைத் தேடித் தேடிப் புரட்டினார். எழுதியிருந்த எண்ணிக்கையும் தெருவில் எரிந்த எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை. மறுவாரம் விளக்கு வந்தது.

ஆகவே அணிவகுப்பைப் பார்த்துவிட்டுப் பகலில் உங்கள் ஊர்க் கூட்டத்துக்குப் போங்கள். வரவு செலவு அறிக்கையை முழுதாக வாசிக்கச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் நீங்கள் கேட்டது எழுதப்பட்டதா என்று பார்த்துவிட்டு, அதற்குக் கீழே கையெழுத்துப் போடுங்கள். உங்கள் ஊரில் அன்று கொடியேற்றியது யார், தலைவரா வேறு யாராவதா என்பதையும் இங்கே எழுதுங்கள்.