ஸ்ப்ரே லைனர் அடிச்சா ஆயுசுக்கும் துரு வராதா? தப்புங்க

"குட்டியானை, பிக்கப் தொட்டில ஸ்ப்ரே லைனர் அடிச்சுட்டா ஆயுசுக்கும் துரு பிடிக்காது, பழைய துரு மேலயே அடிக்கலாம்"னு நம்ம டெல்டா பக்கம் டிரைவருங்க குரூப்ல ஒரு மெசேஜ் சுத்துது, தயவுசெஞ்சு நம்பாதீங்க.

லைனர்ங்கறது தொட்டித் தகட்டு மேல பீய்ச்சி அடிக்கிற கெட்டியான பூச்சு. நல்ல பொருள்தான், ஆனா அது தகட்டை கெட்டியா பிடிச்சாதான் உழைக்கும், அதுக்கு துரு, எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் சுத்தமா எடுத்து தகட்டை சொரசொரன்னு தேய்ச்சிருக்கணும். நாகப்பட்டினத்துல மீன் லோடு அடிக்கிற எங்க மாமா வண்டில துரு மேலயே அடிச்சு விட்டாங்க, ஓரத்துல ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினேன், தோசை மாதிரி மொத்தமா எழும்பி வந்துச்சு, அடியில உப்புத்தண்ணியும் செம்மண் மாதிரி துருவும்! மேல பாத்தா பளபளன்னுதான் இருந்துச்சு, அதான் வயித்தெரிச்சல்.

லைனர்ல பாலியூரித்தேன், பாலியூரியான்னு ரெண்டு வகை இருக்கு, ரெண்டும் ஒண்ணுன்னு சொல்றதும் சரியில்ல. பாலியூரித்தேன் காயறப்ப ஈரம் பட்டா வாயு உண்டாகி குமிழ் விடும், பாலியூரியா சில நொடியிலயே இறுகிடும், ஈரத்துக்கு அவ்வளவா அசராது. அதுக்காக ஈரத் தகட்டுல அடிச்சிடாதீங்க. ஐப்பசி கார்த்திகை அடைமழைல அவசரப்பட்டு அடிக்காதீங்க, தை பொறந்து நல்லா வெயில் வரட்டும். வெயில்ல லைனரோட கறுப்பு வெளிறினா பயப்பட வேணாம், அது பெரும்பாலும் மேல் நிறம்தான். ஆழமா கீறல் விழுந்து தகடு தெரிஞ்சா மட்டும் உடனே அடைச்சிடுங்க, யூரியா உர மூட்டை ஏத்துறவங்க கண்டிப்பா.