விருதுப் பட்டியல் சரி, வேதியியல் எங்கே?

தோல் விஞ்ஞானி நாயுடம்மா பற்றி வந்த கட்டுரையில் 1971 பத்மஸ்ரீ, அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவன இயக்குநர் பதவி எல்லாம் இருக்கிறது. தோல் வேதியியல்தான் இரண்டு வரியில் முடிந்துவிட்டது. தோல் பதனிடும் ஆம்பூர், ராணிப்பேட்டை வாசகர்களுக்கு அதுதானே வேண்டும்!

தோலைப் பதனிட குரோம் போடும் முன் உப்பும் அமிலமும் சேர்த்து டிரம்மில் சுற்றவிட்டு, தோலின் பிஎச் (அமில அளவு; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 3-க்குக் கீழே இறங்க வேண்டும். அப்போதுதான் குரோம் உள்ளே போகும். அதன்பின் தோல் எடையில் சுமார் 8 சதவீதம் குரோம் உப்பு. ஓரத்தில் கத்தி வைத்து வெட்டிப் பார்த்தால் நடுவிலும் நீலம் தெரிய வேண்டும். தெரிந்தால்தான் சோடா உப்பைக் கரைத்து, சிறிது சிறிதாக ஊற்றி, பிஎச் 3.8 வரை ஏற்றுவது. அவசரப்பட்டு மொத்தமாகக் கொட்டினால் குரோம் மேற்பரப்பிலேயே பிடித்துக்கொள்ளும், தோல்முகம் சுருங்கி முரடாகும். பிறகு எந்தச் சாயமும் அதை மறைக்காது. கடைசியில் ஒரு துண்டைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போடுங்கள். சுருங்கினால் வேலை முடியவில்லை.

இத்தனை செய்தும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குரோம் கழிவுநீரோடு போகிறது. அதைத் தனியே பிடித்து, மெக்னீசியம் ஆக்சைடு போட்டுப் படியவைத்து, கந்தக அமிலத்தில் கரைத்தால் திரும்பப் பயன்படும். பாலாற்றங்கரைக்காரர்கள் கட்டுரையில் அந்தப் பகுதியைத்தான் தேடுவார்கள்.